3.96-க்கு விடை நான்கு

தையலக்கா இரண்டு முறை தோற்றது ஒரே பாடத்தில்தான். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வது, குளிப்பாட்டுவது எல்லாவற்றிலும் அந்த நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி நிலையத்தில் அவள்தான் முதல். மருந்துக் கணக்கில் மட்டும் முதல் தடவை பதினைந்து, அடுத்த தடவை பதினாறு. இருபதுக்குப் பதினெட்டு வாங்கினால்தான் தேர்ச்சி. மூன்று வாய்ப்புக்கு மேல் கிடையாது. முதியோர் இல்லத்துத் தலைமைச் செவிலி அவளுக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தாள். மாத முடிவுக்குள் சான்றிதழ் வராவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருடம் தையல் கடை. நடுவில் மாமியார் படுத்த படுக்கையானபோது கடையை வீட்டுக்குள் கொண்டுவந்து, ஒரு பக்கம் இயந்திரம், ஒரு பக்கம் கட்டில் என்று நான்கு வருடம் ஓட்டினாள். மாமியார் போன பிறகுதான், துணி தைப்பதைவிட இந்த வேலை தனக்கு நன்றாக வருகிறது என்று தெரிந்தது. கடையைக் கூடவே தைத்துவந்த கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டுப் பயிற்சியில் சேர்ந்தாள்.

நாத்தனாருக்கு இது பொறுக்கவில்லை.

"பேரப்புள்ளைங்க படிக்கிற கணக்கை இந்த வயசுல உக்காந்து படிக்கிறீங்களே அண்ணி, கண்ணு வலிக்கல?"

"உங்கம்மாவுக்கு நாலு வருஷம் மருந்து ஊத்தும்போது வலிக்காத கண்ணு இப்பவா வலிக்கப்போவுது? வந்ததுக்கு அந்த பாத்திரத்தைக் கழுவிட்டுப் போ."

கணக்கு சொல்லிக் கொடுத்தவர் முப்பது வயதுக்காரர். மருந்துக் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எல்லோருக்கும் அவர் கணக்கு சார். தசம எண்ணை முழுமையாக்கும் விதியைப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்: எந்த இடம் வரை வேண்டுமோ, அதற்கு அடுத்த இலக்கத்தைப் பார், ஐந்தோ அதற்கு மேலோ என்றால் ஒன்று கூட்டு, குறைவென்றால் அப்படியே விட்டுவிடு. தையலக்கா அதைத் தலைகீழாகக்கூடச் சொல்வாள். ஆனால் கை கேட்காது. 2.34-ஐ ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கச் சொன்னால் 2.4 என்று எழுதிவிடுவாள். 7.12-க்கு 7.2. எதைக் கொடுத்தாலும் மேலே ஏற்றிவிடுவாள்.

இரண்டாம் முறை தோற்ற மறுநாள், வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு, சார் அவளுடைய தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நாலு தப்புக்கா. நாலும் ஒரே தப்பு. விதி தெரியுது, அப்புறம் ஏன் எல்லாத்தையும் ஏத்துறீங்க?"

அவள் யோசித்தாள். "துணி வெட்டுற பழக்கம் சார். இருபத்திமூணேகால்னு அளவு வந்தா இருபத்திநாலா வெட்டுவேன். மிஞ்சினா உள்ள மடிச்சுத் தைச்சிடலாம். குறைஞ்சா ஒட்டவா முடியும்? அந்தம்மா ரவிக்கையை எம் மூஞ்சியில வீசிட்டுப் போயிடுவா."

"மருந்து மிஞ்சினா புள்ளை வயித்துக்குள்ள மடிச்சு வைப்பீங்களா?"

தையலக்கா சிரிக்கவில்லை. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து மேசைமேல் போட்டாள். "இதுல காட்டுங்க சார். பலகையில சொன்னா காதுல ஏறுது, கைக்கு வர மாட்டேங்குது."

சார் நாடாவைப் பிரித்தார். "இருபத்திமூணு புள்ளி நாலு செண்டிமீட்டர். விரலை வைங்க. பக்கத்துல எந்தப் பெரிய கோடு?"

"இருபத்திமூணு."

"புள்ளி எட்டு?"

"இருபத்திநாலு."

"சரியா நடுவுல, புள்ளி அஞ்சு?"

"ரெண்டுக்கும் ஒரே தூரம்."

"அதுக்குத்தான் விதி. நடுவுல நின்னா மேல. மத்தபடி, பக்கத்துல எது இருக்கோ அங்க போங்க. மிஞ்சுமா குறையுமான்னு யோசிக்கவே யோசிக்காதீங்க. இருபத்திமூணுக்கும் இருபத்திநாலுக்கும் நடுவுல பத்து கோடு மாதிரியே, ரெண்டு புள்ளி மூணுக்கும் ரெண்டு புள்ளி நாலுக்கும் நடுவுலயும் பத்து இருக்குன்னு நினைச்சுக்கோங்க. அவ்வளவுதான்."

அடுத்த பத்து நாளும் அவள் நாடாவும் கையுமாகவே இருந்தாள். சோறு வேகும் நேரத்தில் ஐந்து கணக்கு, பேருந்தில் ஐந்து கணக்கு. கணவர் சும்மா ஓர் எண்ணைச் சொல்ல, கீரையை ஆய்ந்துகொண்டே விடை சொல்வாள். தப்பாகச் சொன்னாலும் அவருக்குத் தெரியாது. அதனால் மகளிடம் தொலைபேசியில் சரிபார்த்துக்கொண்டாள்.

மூன்றாவது தேர்வுத் தாளை அலுவலக எழுத்தர்தான் திருத்தினாள், சார் கொடுத்த விடைப்பட்டியலை வைத்துக்கொண்டு. மறுநாள் அறிவிப்புப் பலகையில் மதிப்பெண் ஒட்டினார்கள். தையலக்காவுக்கு நேரே பதினேழு.

இரண்டு தடவை அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போனவள்தான். இந்தத் தடவை அலுவலகத்துக்குள் போனாள்.

"என் தாளைக் காட்டுங்கம்மா."

எழுத்தர் அலுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். தையலக்கா ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். பதினான்காவது கேள்வியில் விரல் நின்றது. 3.96 மில்லிலிட்டரை ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கவும். அவள் எழுதியது: 4 மி.லி. மேலே சிவப்பில் ஒரு தவறுக் குறி.

"இது எப்படித் தப்பு?"

"ஒரு தசம இடம் கேட்டிருக்கு. நாலு புள்ளி பூஜ்யம்னு எழுதணும். பட்டியல்ல அப்படித்தான் இருக்கு."

"எழுதக்கூடாதும்மா. மருந்து அளவுல புள்ளிக்குப் பின்னாடி வெறும் பூஜ்யம் போடாதேன்னு பயிற்சி வார்டு சுவத்துலயே ஒட்டியிருக்கு. எழுத்து மங்கி புள்ளி தெரியலைன்னா நாலு நாப்பதாயிடும். நாப்பது மில்லியை யார் வாயில ஊத்துறது?"

"இது கணக்குப் பரீட்சை. வார்டு இல்ல."

"மில்லின்னு போட்டிருக்கீங்க. மில்லின்னா மருந்துதானே? நூலா?"

குரல் கேட்டுச் சார் உள்ளே வந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். பட்டியலையும் பார்த்தார்.

"பள்ளிக்கூடப் புத்தகத்துல இருந்து அப்படியே எடுத்துட்டேன்," என்றார். "பள்ளிக்கூடத்துல நாலு புள்ளி பூஜ்யம்தான் சரி. இங்க நாலுதான் சரி. அக்கா எழுதினது சரி. தப்பு என்னுது."

"அப்போ நாலு புள்ளி பூஜ்யம் எழுதினவங்களுக்கு?" என்றாள் எழுத்தர். "பதினோரு பேர் எழுதியிருக்காங்க."

"நான் போட்ட கேள்விக்கு அவங்க பொறுப்பில்ல. மார்க்கைக் குறைக்காதீங்க. ஆனா நாளைக்குப் பதினோரு பேரையும் வார்டுக்கு அனுப்புங்க, நான் வந்து பேசுறேன்." பட்டியலில் பதினான்காவது விடையை அடித்து மாற்றி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பதினேழை அடித்துப் பதினெட்டாக்கி அதிலும் கையெழுத்துப் போட்டார்.

எழுத்தர் சான்றிதழ் விண்ணப்பத்தை நீட்டினாள். தையலக்கா வாங்கவில்லை.

"மிச்ச ரெண்டு என்னாச்சு சார்?"

"பாஸாயிட்டீங்கக்கா. விடுங்க."

"விட்டா நாளைக்கு யார் வாயிலயாவது போய் முடியும். சொல்லுங்க."

சார் பார்த்தார். 6.47-க்கு 6.4 என்று எழுதியிருந்தாள். 0.85-க்கு 0.8.

"இப்ப ஏத்துறதுக்குப் பயப்படுறீங்க," என்றார். "குறைச்சுக் கொடுத்தாலும் காய்ச்சல் இறங்காது."

தையலக்கா தாளைத் திருப்பிப்போட்டு, இரண்டையும் மறுபடி செய்தாள். 6.5. 0.9. சார் பார்த்துத் தலையாட்டினார். அதன் பிறகு விண்ணப்பத்தை வாங்கி, பெயர், வயது, முன்பு செய்த தொழில் எல்லாம் நிரப்பிக் கொடுத்து, தேர்ச்சி முத்திரை போட்ட நகலை அன்று மாலையே முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்க் காட்டினாள். தலைமைச் செவிலி கேட்டது ஒன்றுதான், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வர முடியுமா என்று.