சொர்ணத்தாய் வைக்காத கைநாட்டு

புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது என்று எவன் கிளப்பிவிட்டானோ, அவன் செய்த அளவுக்குச் சொர்ணத்தாய்க்குக் கெடுதல் செய்தவர் மும்பையில் வேறு யாருமில்லை. கல்யாணமாகித் தாராவிக்கு வந்த நாளிலிருந்து ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பேர் கேட்டால் வாயை மூடிக்கொள்வாள். கொழுந்தன் செல்லப்பாண்டிதான் சொல்வான். புருஷன் செத்து, சாவுச் சான்றிதழ் வாங்கப் போனபோதும் அப்படித்தான். செத்த பிறகும் என்ன மரியாதை? தோல் பட்டறை நாற்றத்தோடு வந்து அவளை அடித்தவன்தானே.

அவள் சந்தில் முதலில் பூமியைத் துளை போட்டுப் பார்க்க வந்தார்கள். அடியில் என்ன இருக்கும்? கறுப்புச் சேறும் ஓடைத் தண்ணீரும்தான். பூமிக்குள் ரயில் ஓடப்போகிறது, ஸ்டேஷனுக்கு இறங்கும் படி இங்கேதான் வருகிறது, முப்பத்திரண்டு வீடு போகும், பதிலுக்குச் செம்பூர்ப் பக்கம் மாடிக் கட்டடத்தில் வீடு உண்டு என்றார்கள். சொர்ணத்தாய்க்குக் கசக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே குழாயும் கக்கூஸும் என்றால் யாருக்குக் கசக்கும்?

கணக்கெடுக்க வந்த ஆள் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரன் பேரை இந்தியில் கேட்டார். அவள் வழக்கம்போலக் கொழுந்தனைப் பார்த்தாள். அடுத்த சந்தில் வாடகைக்கு இருந்தவன், கூப்பிடாமலே வந்து நின்றிருந்தான். பூதத்தான் என்று அவன் சொல்ல, அவள் டீ போட உள்ளே போய்விட்டாள். இஞ்சி வேறு தட்டிப் போட்டாள். அது கொதிப்பதற்குள் மிச்சக் கேள்விக்கெல்லாம் அவனே பதில் சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். மராத்தியில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். தமிழில் இருந்திருந்தால் மட்டும் படித்துக் கிழித்திருப்பாளா?

மாடிக் கட்டடம் முடிகிறவரை வெளியே இருங்கள் என்று சொல்லி வீட்டை இடித்தார்கள். இடிபடாத வரிசையில் ஷரீஃபுன்னிசா என்பவள் வீட்டு மேல்தட்டுக்கு ஏணி வைத்து ஏறி, வாடகைக்கு இருந்தாள். பிளாஸ்டிக் பிரிக்கிற வேலைக்குப் போகும்போது தகரத் தடுப்பின் இடுக்கில் எட்டிப் பார்ப்பாள். அவள் சமையல் செய்த இடம் மூன்று மாடி ஆழத்துக்குப் பள்ளமாகக் கிடந்தது. மழையில் தண்ணீர் நிறைந்தது, பம்பு வைத்து இறைத்தார்கள். கொரோனாவில் எல்லாம் நின்றது. மறுபடி தோண்டினார்கள். சுரங்கம் போனது, தண்டவாளம் போனது, கண்ணாடி வாசல் எழும்பியது. எட்டு வருஷம்.

சாவி கொடுக்கிற நாள் வந்தது. லிஸ்டில் குடும்பத் தலைவன் செல்லப்பாண்டி. அவனை அண்டியிருக்கும் விதவை சொர்ணத்தாய்.

கவுண்டரில் நின்று அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக அந்தப் பேரைச் சொன்னாள். "பூதத்தான் பெண்டாட்டி நான். பூதத்தான் வீடு அது." மூன்று தரம் சொன்னாள். ஆகாயம் இடிந்து விழவில்லை. லிஸ்டும் மாறவில்லை. லிஸ்டை மூடி ரொம்ப வருஷமாயிற்று என்றார் அதிகாரி. ஆனால் அண்டியிருப்பவளும் கைநாட்டு வைத்தால்தான் சாவி தருவாராம். இல்லையென்றால் தகராறு என்று எழுதி வீட்டைப் பூட்டி வைத்துவிடுவாராம்.

செல்லப்பாண்டி மை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினான்.

"மதினி, நான் ரெண்டு பொட்டப்பிள்ளைய வச்சிருக்கேன். ஒங்களுக்கு யாரு இருக்கா? ஒரு மூலையில கெடந்துட்டுப் போங்க."

"என் வீட்டுல எனக்கே மூலை காட்டுதியோ? ஒங்க அண்ணன் பேரச் சொன்ன வாயால என் பேரையும் சொல்லியிருந்தா நாக்கு புழுத்தா போயிருக்கும்?"

அவன் பெண்டாட்டி விஜயலட்சுமி கையைப் பிடித்தாள். "அக்கா, வச்சிருங்க. இல்லன்னா ரெண்டு பேருக்குமே இல்லாமப் போயிரும்."

"போவட்டும்" என்றாள் சொர்ணத்தாய். கையைச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இப்போது ரயில் ஓடுகிறது. செம்பூரில் அந்த ஏழாவது மாடி வீடு பூட்டிக் கிடக்கிறது. செல்லப்பாண்டி அதே வாடகை வீட்டில் இருக்கிறான், இவள் அதே மேல்தட்டில் இருக்கிறாள். கூறுகெட்ட கிழவி, மூலையாவது கிடைத்திருக்கும் என்று சந்தே பேசுகிறது. முழங்கால் வலியோடு ஏணியில் இறங்கும்போது அவளுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. போன வாரம் விஜயலட்சுமி வந்து மூக்கைச் சிந்தினாள். பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம், சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்கிறார்களாம்.

"இருக்குன்னு சொல்லு. பெரியம்மா பூட்டி வச்சிருக்கான்னு சொல்லு" என்றாள் சொர்ணத்தாய்.