கண்ணாடியை அசைத்தது எது?

இத்தாலியில் பீசா நகரை ஒட்டிய காஷினாவில் ஓர்னெல்லா பாச்சியைத் தெரிந்தவர்கள், அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். முயலைக் கண்ணால் பார்க்காதவர்களின் பேச்சு அது.

அப்பா மேஜை நாற்காலி செய்து விற்றவர். மகளுக்கு வேலை ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே கிடக்கும் நீளக் குழாய்களில். உள்ளே கண்ணாடிகள் தொங்கின. எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானால் கிளம்பும் ஈர்ப்பு அலையில் அந்தக் கண்ணாடிகள் இம்மியளவுகூட இல்லாத அசைவு அசையும். லாரி போனாலும் அசையும், கடல் கொந்தளித்தாலும் அசையும். இந்த இரைச்சலைச் சலித்து அலையைப் பிடிக்க, வருஷக்கணக்காக மல்லுக்கட்டி ஒரு கணினி நிரல் எழுதினாள். அதற்குச் சல்லடை என்று பெயர் வைத்தாள். உலகில் யாருக்கும் ஓர் அலைகூடச் சிக்காத காலம் அது.

இந்தத் தொழிலில் ஒரு குசும்பு வழக்கம் உண்டு. குழுவில் இரண்டு பேர் மட்டும், மற்றவர்கள் விழித்திருக்கிறார்களா என்று பார்க்க, ரகசியமாகக் கண்ணாடிகளை ஆட்டிப் பொய் அலை ஒன்றை நுழைப்பார்கள். குழு தன் முடிவைச் சொன்ன பிறகே வாய் திறப்பார்கள்.

அந்த மார்ச்சில் சல்லடையில் மெலிதாக ஒன்று மாட்டியது. குழுத் தலைவர் ஃபோஸ்கோ, பீசாவோடு பரம்பரைப் பகை கொண்ட லிவோர்னோ துறைமுகத்துக்காரர், உதட்டைப் பிதுக்கினார்.

"கடல் இரைச்சல்மா. தூக்கிப் போடு. உன் சல்லடையையும் சேர்த்து."

"அமெரிக்காவுல இருக்கிற இதே மாதிரி கருவியிலயும் அதே வடிவம் இருக்கு. உங்க லிவோர்னோ கடல் அங்கயும் போய் அடிச்சுதா?"

"வாசல்ல பீசாக்காரங்க நிக்கறதுக்கு வீட்டுல பொணம் கெடக்கலாம்னு எங்க ஊர்ல சும்மாவா சொன்னாங்க!"

"சொல்லிட்டுப் போகட்டும். நான் வாசலை விட்டு நகரமாட்டேன்."

குழு கூடி வாக்கெடுத்தது. இரைச்சல் என்று கிட்டத்தட்ட அத்தனை கைகளும் உயர்ந்தன. அலை என்று ஒரே கை. சல்லடையை மூட்டை கட்டுவது என்றும் முடிவாயிற்று. ஓர்னெல்லா தன் கையை இறக்கவில்லை.

"கையை இறக்குமா, எண்ணியாச்சு" என்றார் ஃபோஸ்கோ.

"எண்ணினா என்ன? நான் சொன்னது சொன்னதுதான்."

அப்போது பின்வரிசையில் வாக்களிக்காத இருவர் தயங்கி எழுந்தார்கள். "நாங்கதான் ஆட்டினோம். இங்கயும் அங்கயும்."

அறையே சிரித்தது. "பார்த்தியா, உன் கருந்துளை பொய்!" என்றார் ஃபோஸ்கோ.

நிஜமென்றே நம்பியிருந்தாள். ஆனாலும் எழுந்து நின்றாள்.

"பொய்தான். ஆனா கடல் இல்லையே? நீங்க ஒளிச்சு வெச்சதை நான் கண்டுபிடிச்சேன். இதுவே வானத்துலேருந்து வந்திருந்தா இந்நேரம் குப்பையில கெடக்கும். சல்லடையை எடுக்கணும்னு சொல்றவங்க இப்ப கையைத் தூக்குங்க, பார்ப்போம்!"

ஒரு கையும் உயரவில்லை. ஃபோஸ்கோ தன் கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.