கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள்

பெரிய விடுதி ஒன்றின் வரவேற்புக் கூடத்தில் நாற்பது அடி நீளத்துக்கு ஒரு நன்னீர்த் தொட்டி. அதற்குள் ஒரு காடு. அதைக் கல் கல்லாக, செடி செடியாக அமைத்தவர் மாஸ்டர். காதில் சவ்வு கிழிந்த நாளிலிருந்து அவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. முகமூடி மாட்டிக்கொண்டு கத்தரிக்கோலுடன் இறங்குவது அவர் மனைவி. வெளியே நின்று அவர் கையால் சொல்வார். ஒரு விரல் காட்டினால் நுனியை வெட்டு, கையைத் தாழ்த்தினால் அடியோடு வெட்டு, மூடிய கை என்றால் தொடாதே.

எட்டு வருட ஊமைக் குடித்தனம் அது. "வீட்டுல நான் பேசுறதுக்கெல்லாம் சேர்த்து இங்க வாயைக் கட்டிப் போடுறாரு" என்று அவள் சிரிப்பாள்.

குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு 'மீனக்கா' என்று கையாட்டும். உள்ளிருந்து அவளும் ஆட்டுவாள். படம் எடுக்க வருகிறவர்கள், மறைக்கிறது என்று மாஸ்டரைத் தள்ளி நிற்கச் சொல்வார்கள். பெற்ற பிள்ளையைப் பார்க்க வந்தவனை வாசலிலேயே நிறுத்தியது போல அவருக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் மேலாளர் அவரிடமே வந்தார். புதுக் கிளையிலும் இதுபோல ஒரு தொட்டி வேண்டுமாம், மீனக்காவே அமைக்கட்டுமாம், அடுத்த வாரம் விளம்பரத்துக்கு அவளைத் தண்ணீருக்குள் வைத்துப் படம் எடுக்கப் போகிறார்களாம். மாஸ்டர் சிரித்தபடி தலையாட்டினார். அன்றிரவு சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவள் நடுவிலிருந்த சிவப்புச் செடிகளை நெருங்கினாள். மாஸ்டரின் கை தாழ்ந்தது. அடியோடு வெட்டினால் அவை தழைக்க மூன்று வாரமாகும்; படமெடுப்பதோ ஏழாம் நாள். அது அவளுக்கும் தெரியும். அசையாமல் அவரையே பார்த்தாள். அவர் செடியைப் பார்த்தபடி மறுபடியும் கையைத் தாழ்த்தினார்.

அவள் வெட்டினாள்.

ஏழாம் நாள் விளக்கு வெளிச்சத்தில் நடுக்காடு மொட்டைக் காம்புகளாக நின்றது. மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் அவளைக் கடிந்துகொண்டார். இதற்குத்தானே ஆசைப்பட்டாய், குளிர்ந்ததா என்று மாஸ்டர் தன் நெஞ்சைக் கேட்டார். குளிரவில்லை.

"என் கை தவறிடுச்சு சார்" என்றாள் அவள், ஈரத் தலையைக் குனிந்து.

எய்தவன் பக்கத்திலேயே நிற்க, அம்பு பழியை ஏற்றுக்கொண்டது. மாஸ்டருக்குத் தாங்கவில்லை.

"அவ மேல தப்பில்ல சார். நான்தான் வெட்டச் சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்."

புதுத் தொட்டி அவளுக்கே என்று அங்கேயே முடிவானது.  வீட்டுக் கதவைத் திறந்ததும் மாஸ்டர் கேட்டார்.

"தெரிஞ்சும் ஏன் வெட்டின?"

"எட்டு வருஷத்துல மொத தடவையா என் கண்ணைப் பார்க்காம சொன்னீங்க. எதுவரைக்கும் போவீங்கன்னு பார்த்தேங்க."

அடுத்த வாரம் அதே பழைய தொட்டியில் அவள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தாள். மாஸ்டர் ஒரு விரலைத் தூக்கினார், பார்க்க ஆளில்லை. சின்ன மீன்கள் கூட்டமாக வந்து அவள் முகத்தெதிரே மொய்த்து நின்றன. அந்த மீன்களைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது.