புல் நட்ட கோணாமலை

கோணாமலை மதித்த உயிர் ஒன்று உண்டென்றால் அது இறால்தான். மனிதரில் ஒருவரையும் அவர் ஆளாகக் கணக்கெடுத்ததில்லை. ஆரையம்பதி ஆற்றோரம் இடுப்பளவு தண்ணீரில் அத்தாங்கு வலையைத் தள்ளிப் பிழைத்தவர். அடியில் பாய் விரித்ததுபோல் கிடந்த புல்லுக்குள்தான் இறால்குஞ்சு பெருகும் என்பது அவருக்குத் தெரியும். வயல்வெளிக்கு அதிகாரியான வட்டை விதானை அழகரத்தினத்துக்குத் தெரிந்ததெல்லாம் வயல்.

அறுபத்தோராம் ஆண்டு விதானையார் தோணியால் இறங்கும்போது அந்தப் புல் காலில் சுற்றி, வெள்ளை வேட்டியோடு விழுந்தார். எழும்பியதும் தீர்ப்புச் சொன்னார்.

"தண்ணிக்குள்ள மொளச்ச புல்லு என்னகா? களை! களைய வளத்தா வெளைச்சல் வருமா?"

மறுநாள் நாலு சோடி எருமை ஆற்றில் இறங்கியது. விதைப்புக்கு வயலை உழக்குவதுபோல் இரண்டு நாள் உழக்கினார்கள். ஊர் கரையில் நின்று கைதட்டியது. "ஆத்துல வெள்ளாமை செய்யிற முதல் பேயனுகள்" என்று கோணாமலை துப்பினார். ஒருவரும் காதில் போடவில்லை.

அடுத்த பருவம் இறால் இல்லை. முழுநாளும் தள்ளினால் கூடைக்கு நாலு நண்டு. அம்மன் கோயில் சடங்கில் ஏதோ பிழை, அம்மாளுக்குக் கோபம் என்றார் விதானையார். கோணாமலை தேத்தண்ணிக் கடையில் நின்று, வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கி, அவரைப்போலவே மூக்கால் பேசிக் காட்டினார்.

"நான் சேத்துல விழுந்தாலும் அது அம்மாள்ட கோவம். எருமைக்கு வயித்தால போனாலும் அது அம்மாள்ட கோவம். எனக்கு மட்டும் புத்தி சரியாத்தான் கிடக்கு!"

கடை சிரித்தது. வீட்டில் மனைவி அன்னப்பூரணி சிரிக்கவில்லை.

"இஞ்சாருங்க, ஊர நக்கலடிச்சா உலையில அரிசி விழுமா?"

அந்தச் சொல் கோணாமலையைத் தைத்தது. அக்கரைக்குத் தோணி விட்டு, அங்கிருந்த புல்லைப் பிடுங்கி, வேரைச் சுத்தமாகக் கழுவி, இக்கரையில் நாற்றுப்போல முடி முடியாக நட்டார். விடிந்தபோது அத்தனையும் மிதந்து விதானையாரின் துறையில் ஒதுங்கிக் கிடந்தது.

"கோணாமலைட வெள்ளாமை கரைக்கு வந்திட்டுது. வெட்டுக்காரனக் கூப்பிடுங்கடா மனே!" என்று விதானையார் கூவினார்.

கோணாமலைக்கு அவர்மேல்கூட அவ்வளவு எரிச்சல் வரவில்லை. "நானும் வயக்காரன்ட வேலையத்தானே பார்த்திருக்கன், மடையன்" என்று தன்னையே ஏசிக்கொண்டு திரும்பவும் அக்கரைக்குப் போனார். இந்தமுறை வேரைக் கழுவவில்லை. சேற்றோடு கட்டிகட்டியாகத் தோண்டிச் சாக்கில் இக்கரைக்குக் கொண்டுவந்து, ஆற்றோரக் கண்ணா மரத்துக் கவட்டுக் குச்சியால் ஒவ்வொன்றையும் நிலத்தோடு குத்தி வைத்தார். சுற்றிவரக் கம்பு நட்டார். எருமை வந்தால் கல்லெறிந்தார், இழுவலை வந்தால் குறுக்கே நின்று ஏசினார். எருமைக்குச் சொன்னால் விளங்கும், வலைக்காரனுக்கு மூன்றுதரம் சொல்லவேண்டும் என்பது அவருடைய கணிப்பு.

மூன்றாம் வருசம் புல் பற்றிப் படர்ந்தது. அத்தாங்கில் கண்ணாடித் துண்டுபோல் குஞ்சு இறால் துள்ளியது. அதைக் கண்டதும் ஊரே வலையோடு இறங்கப் பார்த்தது. ஒரே கிழமையில் புல்லெல்லாம் கிழிந்து போகும். தனி ஒருவன் ஏச்சு இனிக் காணாது.

ஊர் முன்னேற்றச் சங்கக் கூட்டத்தில் விதானையார் எழும்பினார்.

"எருமைய விட்டு அந்த நிலத்தப் பதப்படுத்தினது ஆரு? நான்! அதாலதான் புல்லு இப்பிடிச் செழிச்சிரிக்கு. என்ட யோசனை என்னெண்டா, கம்புக்கு உள்ளுக்கு எருமையும் போகப்படாது, இழுவலையும் போகப்படாது. சம்மதமெண்டா கையத் தூக்குங்க."

ஒருவரும் அசையவில்லை. எல்லாருடைய கண்ணும் கோணாமலைமேல் விழுந்தது. மூக்கால் பேசிக் காட்டுவார், ஒரு சிரிப்போடு வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருந்தார்கள். வாய்வரைக்கும் வந்ததுதான். சிரித்தால் யோசனை செத்துப்போகும், புல்லும் அதோடு போகும்.

கோணாமலை வாயை இறுக்கி மூடிக்கொண்டு கையைத் தூக்கினார். பக்கத்திலிருந்த நல்லரத்தினம் வாயைப் பிளந்து பார்த்தார்.

"என்ன பார்க்கிறாய்? நீயும் தூக்கு. புல்லுக்குத் தூக்கு, அந்த மூஞ்சிக்கில்ல."

நல்லரத்தினம் தூக்கினார். பின்னால் ஒவ்வொரு கையாக எழும்பியது. விதானையார் கோணாமலையைப் பார்த்துத் தாராளமாகத் தலையாட்டினார்.