போர்வை விற்காத சுற்றுலா

சத்தூரியோவை நம்பவைக்கும் வழியை யாராவது கண்டுபிடித்திருந்தால் அவர் வீட்டுக் கதவில் மூன்று தாழ்ப்பாள் இருந்திருக்காது. முப்பத்தாறு வருஷம் எங்கள் அல்மசான் ஊரில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். மீட்டரில் காந்தம் ஒட்டியவர்கள், மீட்டருக்கு முன்னாலேயே குழாயைத் திருப்பியவர்கள், இவர் தலை தெரிந்ததும் நாயை அவிழ்த்துவிட்டவர்கள், இவர்களையே பார்த்துப் பார்த்து, ஓய்வு பெறும்போது மனுஷ ஜாதியைப் பற்றி அவருக்கு ஒரே அபிப்பிராயம்தான் மிஞ்சியிருந்தது. எதிரே நிற்பவன் எதையோ மறைக்கிறான். எதை என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

நான் ப்ரிமி. அதே கட்டடத்தில் முதல் மாடி. அவரும் அவர் மனைவி விசியும் மூன்றாவது மாடி. என் வீட்டுக்காரர் போன பிறகு, பஸ் சுற்றுலாக்களில் அவர்கள் இருவருக்கும் பின் இருக்கை என்னுடையது. பதினோரு வருஷமாக சத்தூரியோவின் வழுக்கைக்கு மேலேதான் நான் ஸ்பெயினைப் பார்த்திருக்கிறேன்.

எந்தச் சுற்றுலா என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். தபால் பெட்டியில் ஒரு மஞ்சள் தாள் விழும். சரகோசா மாதா கோவில், பாறை மடத்து அருவி, பெனிஸ்கோலா கடற்கோட்டை. பஸ், மதியச் சாப்பாடு, கையில் ஒரு பரிசு, எல்லாம் சேர்த்து அடிமாட்டு விலை. ஆனால் போகும் வழியில் ஏதாவது ஒரு ஹோட்டல் கூடத்தின் முன்னால் பஸ் நின்றுவிடும். டிரைவர் சாவியோடு மாயமாகிவிடுவார். உள்ளே கோட்டும் டையும் போட்ட ஒருத்தன் காபியும் பன்னும் கொடுத்து உட்காரவைத்து, இரண்டு மணி நேரம் கம்பளிப் போர்வை, மெத்தை, முட்டி வலிக்குச் சிவப்பு விளக்கு என்று விற்பான். நாலு போர்வையாவது போகாமல் மாதாவின் தரிசனம் கிடைக்காது என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வான்.

சத்தூரியோ ஜொலிப்பது அந்தக் கூடத்தில்தான். அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. கதவுப் பக்கத்து நாற்காலி. கை இரண்டும் பாக்கெட்டுக்குள். எந்தக் கேள்விக்கும் தலையாட்டக் கூடாது. முக்கியமாக, பன்னைத் தொடவே கூடாது.

"பன்னுல ஆரம்பிப்பான், மெத்தைல முடிப்பான்" என்பார்.

ஒருமுறை விற்பனைக்காரன் குழைந்துகொண்டே வந்து, "ஐயா, ராத்திரி நல்லா தூங்கறீங்களா?" என்று கேட்டான்.

"நான் எப்ப தூங்கறேன்னு உனக்கெதுக்குத் தெரியணும்? வீடு புகுந்து திருடவா?"

கூடமே சிரித்தது. அன்றைக்கு ஒரு போர்வைகூடப் போகவில்லை. விசி மட்டும் முன்வரிசை மேஜையில் விரித்திருந்த போர்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக் கையை எடுத்து மடியில் வைத்தார். அதற்கும் நாங்கள் சிரித்தோம்.

போன வருஷம் அக்டோபரில், பிலார் மாதா திருநாள் விடுமுறைக்கு இரண்டு நாள் முன்னால், அவர்களுடைய மகள் யோலாந்தா சோரியாவிலிருந்து போன் செய்தாள். பல் டாக்டரிடம் வேலை செய்கிறவள். கிறிஸ்துமஸுக்கு வருவாள், மற்றபடி போன்தான். லீவு நாளில் தன் காரிலேயே எல் புர்கோ ஊருக்குக் கூட்டிப்போய்ப் பெரிய கோவிலைக் காட்டுவதாகவும், ப்ரிமியும் வரட்டும் என்றும் சொன்னாளாம். போனை வைத்த கையோடு சத்தூரியோ என் கதவைத் தட்டினார்.

"ப்ரிமி, உன்னை எதுக்குக் கூப்பிடறா தெரியுமா? சாட்சிக்கு!"

"எதுக்குச் சாட்சி?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும். புருஷன் வரலையாம். இடம் போதாதாம். அஞ்சு பேர் போற கார்ல நாலு பேருக்குத்தான் இடமாம்!"

"ஒரு நாள் அப்பா அம்மாவ வெளில கூட்டிட்டுப் போகணும்னு தோணியிருக்கும்பா."

"தோணுமா? பதினாலு வருஷமா தோணாதது இப்ப தோணுமா? எங்கள எங்கயாவது முதியோர் விடுதில தள்ளிட்டு வீட்ட விக்கப் பாக்கறா. எழுதி வெச்சுக்கோ."

உண்மையைச் சொல்கிறேன், நானும் நம்பினேன். அவர் சந்தேகப்பட்டால் கூடவே எனக்கும் நாக்கு ஊறும். யோலாந்தா புதுக் கார் வாங்கியிருக்கிறாள், அவள் மகன் மாட்ரிட்டில் படிக்கிறான், செலவு இருக்குமே என்று நானே எடுத்துக்கொடுத்தேன். அன்று ராத்திரி மூன்று தாழ்ப்பாளையும் அவர் போடும் சத்தம் என் வீடுவரை கேட்டது.

திருநாள் காலையில் விசி படியிறங்கி வரக் கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, என் வாசலுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள். "இரு ப்ரிமி, மூச்சு பின்னால வந்திட்டிருக்கு" என்றாள். அவள் முட்டி இரண்டும் போய் வெகுநாளாயிற்று. கீழே சத்தூரியோ மகளுடைய காரின் டிக்கியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா தேடற?" என்றாள் யோலாந்தா.

"ஒண்ணுமில்ல. ஸ்டெப்னி இருக்கான்னு பாத்தேன்."

என் பக்கம் திரும்பி, "பெட்டி இல்ல, ஒரு குடைதான்" என்று முணுமுணுத்தார். கொஞ்சம் ஏமாந்துபோனார் என்றே நினைக்கிறேன்.

எல் புர்கோவில் கூட்டமான கூட்டம். கோவில் வாசலில் இங்கிலாந்துக்காரத் தம்பதி ஒன்று, வெயிலில் சிவந்துபோய், தங்களைப் படம் எடுக்கச் சொல்லி சத்தூரியோவிடம் கேமராவை நீட்டியது. அவர் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

"கீழ விழுந்துடுச்சும்பாங்க. புதுசு வாங்கிக் குடும்பாங்க. இந்த வேலையெல்லாம் எனக்குத் தெரியும்."

இங்கிலாந்துக்காரர் ஒன்றும் புரியாமல் சிரித்தார். பிறகு கோபுரத்தின் கீழே விறைப்பாக நின்ற சத்தூரியோவையே ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். அதன்பிறகு கேட்கவேண்டுமா! தன் படம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று கோவில் முழுக்க அவருக்கு அதே கவலை. உள்ளே இருந்த பெரிய பலிபீடத்தை அவர் பார்த்தாரா என்பதே எனக்குச் சந்தேகம். விசி மட்டும் நடுக்கூடத்தில் மெதுவாக நடந்தாள், பெஞ்சில் உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து நடந்தாள். சின்னப் பெண்போல முகமெல்லாம் சிரிப்பு.

"எவ்ளோ தூரம் நடந்துட்டேன் பாத்தியா, ப்ரிமி? எல்லாம் சமதரை" என்றாள்.

மதியம் வளைவு மண்டபத்துக்குக் கீழே ஒரு கடையில் யோலாந்தா ஆட்டுக்கறி ரோஸ்ட் சொன்னாள். பணம் தான் கொடுப்பதாகவும் சொன்னாள். சத்தூரியோ முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆட்டுக்கறில ஆரம்பிக்கறா" என்று என் காதில் சொன்னார். கடைசிவரை ரொட்டியும் தண்ணீரும்தான். அந்தக் கறியோ வாயில் வைத்தால் கரைந்தது. எனக்குச் சட்டமெல்லாம் கிடையாது, அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் யோலாந்தா கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே, "ஆத்தோரமா ஒரு இடம் இருக்குப்பா. அங்க போய்க் காபி குடிக்கலாம்" என்றாள்.

சத்தூரியோ என் காலை மிதித்தார்.

அந்த இடத்துக்கு மாடி கிடையாது. நீளமான ஒரே தளம், சுற்றிலும் ரோஜாச் செடிகள். நடையின் இரண்டு பக்கச் சுவரிலும் பிடித்து நடக்கக் கம்பி. ஒரு கூடத்தில் பத்துப் பன்னிரண்டு கிழங்கள் டிவியில் திருநாள் ஊர்வலம் பார்த்துக்கொண்டிருந்தன. எங்களை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட நிர்வாகியம்மா தட்டோடு வந்தார். தட்டில் காபியும் பன்னும்.

சத்தூரியோ எழுந்து நின்றார். அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் எந்தக் கோவிலிலும் பார்த்ததில்லை.

"வந்திடுச்சா பன்னு! நான் சொன்னேனா இல்லையா, ப்ரிமி? அம்மா, பேச்சை வளக்காதீங்க. நாங்க வாங்க வரல. எங்களுக்கு வீடு இருக்கு, அத விக்கவும் மாட்டோம். நீ என்னடி தலைய குனிஞ்சுக்கற? பெத்தவங்கள கறிச்சோறு போட்டுத் தள்ளிவிடப் பாக்கறியா?"

யோலாந்தாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பா, நான் வந்து..." என்றாள்.

"உக்காரு, சத்தூரியோ" என்றாள் விசி. "அவள ஏன் திட்டற? நாந்தான் கூட்டிட்டுப் போகச் சொன்னேன்."

அவர் உட்காரவில்லை.

"நீயா?"

"நாந்தான். ஆகஸ்ட்லயே போன் பண்ணி இந்தம்மாகிட்ட பேசிட்டேன். நீ ரொட்டி வாங்கப் போயிருந்த. நவம்பர் ஒண்ணு, சகல புனிதர் நாள் முடிஞ்சதும் வரேன்னு சொல்லியிருக்கேன். இன்னைக்கு ரூம மட்டும் பாக்கலாம்னு வந்தேன்."

"உன்ன மயக்கிட்டாங்க, விசி. எதுலயாவது கையெழுத்து கேட்டாளா?"

"கேட்டாங்க. போட்டேன்."

அவர் நிர்வாகியம்மாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைக்கூடப் பார்த்தார். விசியை மட்டும் பார்க்கத் தெரியவில்லை. கடைசியில், "எத்தனை கட்டில்?" என்று கேட்டார்.

"ஒண்ணு."

டிவியில் பாண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. விசி காபியில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினாள்.

"நான் கடைசியா சந்தைக்கு எப்ப போனேன், சொல்லு" என்றாள். "சொல்ல முடியாது. மூணு வருஷமாச்சு. வருஷத்துல நாலு தடவ அந்தப் போர்வைக்காரங்க பஸ் வந்தாத்தான் நான் தெருவையே பாக்கறேன். அவங்களோட நீ சண்டை போட்டுட்டிருப்ப. எனக்கு அங்க உக்காந்திருக்கவே புடிச்சுது. முட்டி எப்படி இருக்குன்னு அவங்களாவது கேட்டாங்க."

"நான்தான் எல்லாம் வாங்கிட்டு வரேனே!"

"வாங்கிட்டு வர. ஊர்ல யார் யார் திருடன்னு சொல்லிக்கிட்டே மேஜைல வைக்கற. நான் அந்த ஊரப் பாக்கணும், சத்தூரியோ. திருடனா இருந்தா இருக்கட்டும்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் வைக்கலாமா என்று கூட்டம் போட்டார்கள். மொத்தம் ஆறு வீடு. நாலு கை உயர்ந்தால் லிஃப்ட். அதற்கு ஒரு வாரம் முன்பே சத்தூரியோ வீடு வீடாக ஏறி இறங்கினார். லிஃப்ட் கம்பெனிக்காரனும் கட்டட மேனேஜரும் ஒன்றாக மீன் பிடிக்கப் போனதைத் தன் கண்ணால் பார்த்தாராம், இது கூட்டுக் கொள்ளையாம். மாட்ரிட்டில் இருக்கும் ஒரு வீட்டுக்காரர் பதிலே போடவில்லை. மூன்று கைதான் உயர்ந்தது. சத்தூரியோ கை உயரவில்லை. என் கையும் உயரவில்லை. அந்த மீன் கதையை நான் அரைமனசாகத்தான் நம்பினேன். ஆனால் முதல் மாடிக்காரிக்கு லிஃப்ட் எதற்கு? அவருடைய சந்தேகம் என் கஞ்சத்தனத்துக்கு வசதியாக இருந்தது. விசி அன்று அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தச் சின்ன அறையில் சத்தூரியோ உட்கார்ந்துவிட்டார். ஆள் பாதியாகக் குறுகிப்போனதுபோல இருந்தது. உலகத்தில் இருக்கும் அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட மனுஷன், பக்கத்தில் ஐம்பத்தொரு வருஷம் படுத்தவள்மேல் ஒருநாள்கூடச் சந்தேகப்படவில்லை. எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"லிஃப்டுக்குக் கை தூக்கறேன், விசி. நாளைக்கே மேனேஜர்கிட்ட போறேன்."

"தூக்கு" என்றாள் அவள். "நான் உன்னப் பாக்க வரும்போது ஏறி வர வசதியா இருக்கும்."

திரும்பி வரும்போது விசி காரின் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

நவம்பர் இரண்டாம் தேதி காலையில் யோலாந்தா வந்தாள். சத்தூரியோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கி, தெருக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். விசி கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக வந்தாள். என் வாசலில் நின்று சுவரில் சாய்ந்தாள். மூன்று வாரமாக அவளிடம் சொல்ல ஒரு வார்த்தையைத் தேடிவைத்திருந்தேன்.

"விசி, அன்னைக்குக் கூட்டத்துல நான்..."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"அப்புறமா சொல்லு, ப்ரிமி. இன்னும் பதினெட்டு படி இருக்கு."