நடு வளையத்து முள்

மீட்டர் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டாள் என்பதால் ஜெனரேட்டர் கூடத்தில் அவளுக்கு முள்ளக்கா என்று பேர். வயசு இருபத்தாறுதான். சோதனைப் பிரிவில் வேலை நிரந்தரமாகி ஒரு மாசம்கூட ஆகவில்லை. வீட்டில் அம்மாவைக் கேட்டால், "ஏதோ கரண்ட்டை எண்ணுறாளாம்" என்பாள்.

அன்று காலை, பராமரிப்பு முடிந்த ஜெனரேட்டரில் மின்சார லோடு ஏற்றினார்கள். கொஞ்சம் ஏறியதுமே பிரேக்கர் டப்பென்று விழுந்து மெஷின் நின்றது. டிஃபரென்ஷியல் ரிலேயில் நடு ஃபேஸின் சிவப்புக் கொடி தொங்கியது.

அந்த ரிலேக்குக் காவல் வேலை. ஜெனரேட்டரில் மூன்று ஃபேஸுக்கும் மூன்று சுருள்; ஒவ்வொரு சுருளின் இரு முனையிலும் கரண்ட்டை அளக்க ஒரு வளையம் உண்டு. நுழைந்ததும் வெளியேறியதும் சமமாக இருந்தால் இரண்டு வளையங்களின் சேதியும் ஒன்றையொன்று அடித்துவிடும்; ரிலே சும்மா கிடக்கும். சுருளுக்குள் எங்காவது கரண்ட் ஒழுகினால் கணக்கு உதைக்கும். அந்த நொடியே ரிலே மெஷினை நிறுத்திவிடும்.

சுருளைச் சோதித்தார்கள். பழுதே இல்லை, கல்லு மாதிரி இருந்தது.

"ரிலேக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு," என்றார் ஷிஃப்ட் பொறுப்பாளர். "அதோட வாயைக் கட்டிட்டு லோடு ஏத்துங்க."

முள்ளக்கா சோதனைத் தாளைப் புரட்டினாள். பராமரிப்பில் ஒரு முனையில் கழற்றி மாட்டிய மூன்று வளையங்களையும் முந்தாநாள் சோதித்தவள் அவள்தான். வயர்மேன் அந்தப் பக்கம் வளையத்துக்குள் போகும் கம்பியில் டார்ச் பேட்டரியைத் தொடவைத்ததும், இந்தப் பக்கம் மீட்டர் முள் வலப்புறம் உதைத்தால் வளையத்தின் திசை சரி. பேட்டரியை எடுக்கும்போது முள் எதிர்ப்பக்கம் உதைக்கும். அதைப் பார்க்கக் கூடாது. நடு வளையத்தின்போது அம்மாவின் போன் வந்தது. பேசிக்கொண்டே திரும்பினாள், முள் வலப்புறம் உதைத்தது, சரி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அந்த உதை தொட்டதற்கா, எடுத்ததற்கா?

வாயை மூடிக்கொண்டால் பழி ரிலேயோடு போய்விடும். வேலைக்கும் ஆபத்தில்லை. ஆனால் மெஷின் காவல் இல்லாமல் ஓடும்.

"சார், ரிலேயைக் கட்டாதீங்க. தப்பு என்னோடதா இருக்கலாம்."

"கையெழுத்துப் போட்டிருக்கியேம்மா?"

"போட்டேன் சார். பார்த்துப் போட்டேனான்னுதான் சந்தேகம்."

வயர்மேன் தலையைச் சொறிந்தார். "நான் 'வெச்சாச்சு'ன்னு கத்தினப்ப, அக்கா காலையில சாப்பிட்டதை அம்மாகிட்ட ஒப்பிச்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்குக் கை கடுத்துது, எடுத்துட்டேன்."

பொறுப்பாளர் கையை நீட்டினார். "முதல்ல அந்தப் போனை இங்க குடு."

மறுபடி சோதித்தார்கள். "வெச்சாச்சு!" என்று வயர்மேன் கூடம் அதிரக் கத்தினார். முள் இடப்புறம் உதைத்தது.

"வளையம் திரும்பி மாட்டியிருக்கு சார். ஒண்ணையொண்ணு அடிக்க வேண்டிய ரெண்டும் கூடி ரெட்டிப்பாயிடுச்சு. ரிலேக்குக் கிறுக்கு இல்ல, எனக்குத்தான்."

வளையத்திலிருந்து வரும் இரண்டு ஒயர்களையும் மாற்றிப் போட்டார்கள். பொறுப்பாளர் பதிவேட்டை விரித்தார்.

"தப்புப் பண்ணினதும் நீ, பிடிச்சதும் நீ. ரெண்டையும் எழுதறேன்."

"அப்ப கழிச்சா பூஜ்யம் சார்!" என்றார் வயர்மேன்.

லோடு கால்வாசி ஏறியது, பாதி ஏறியது, முழுசும் ஏறியது. ரிலே அசையவில்லை. பொறுப்பாளரின் சட்டைப் பையில் அவள் போன் அலறியது. எடுத்துக் காதில் வைத்தார்.

"இல்லம்மா, இன்னும் சாப்பிடலை. முள்ளைப் பார்த்துக்கிட்டு இருக்கா. அப்புறமா கூப்பிடுங்க."