மண்டோர் வீட்டு நாடகத்தில் நான் பேசிய வசனம்

சிடாம் கிரிப் பக்கம் பிறந்த நான் கல்யாணமாகி செமிலிங் அருகே ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எழுபதுகளின் கடைசி. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்தத் தோட்டத்து லயங்களில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது மண்டோர் வீட்டில் மட்டும்தான். பால்வெட்டுக்காரர்களில் யாருக்கு எந்த மரவரிசை, அதாவது எந்த நிரை, என்று தீர்மானிக்கும் கண்காணி அவர். அதனால் அவர் வீட்டுக்குள் நுழையும்போதே எல்லோருக்கும் குரல் தாழ்ந்துவிடும்.

வியாழக்கிழமை சாயங்காலம் தமிழ் நாடகம். பெண்கள் குளித்து, தலை சீவி, பாயில் உட்கார்ந்துவிடுவோம். மண்டோர் எங்களுக்குப் பின்னால் பிரம்பு நாற்காலியில் இருப்பார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. நாடகத்தில் ஒருத்தி இருமி இருமிச் சாகக் கிடப்பாள். "சாகப் போறவளுக்குப் பவுடர் பூச மட்டும் நேரம் இருந்திருக்கு" என்பேன். மாமியார் வேஷக்காரி அடுப்படியில் நின்று நெடுநேரம் வசனம் பேசினால், "அம்மா, சோத்த எறக்கிட்டுப் பேசுங்க, அடிப்பிடிக்குதுலா" என்பேன். பாயில் சிரிப்பு அலை அடிக்கும். அதிகம் சிரிப்பது மண்டோரின் மனைவிதான். நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். எனக்கென்று முன்னால் இடம் பிடித்து வைத்திருப்பார்.

அந்த நாடகம் பல வாரம் ஓடியது. நாலாவது வாரம் என்று நினைக்கிறேன். கதாநாயகன் கண்ணாடி முன் நின்று தலை சீவி, கழுத்தில் சென்ட் அடித்துக்கொள்கிறான். எங்கே போகிறீர்கள் என்று மனைவி கேட்கிறாள். மீட்டிங் என்கிறான்.

"மீட்டிங்குக்கு எதுக்கு இவ்வளவு சென்ட்டு? மோந்து பாத்துட்டுதான் உள்ள விடுவாங்க போல" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வாயெடுத்த ஒரு பெண்ணின் தொடையை அவள் அம்மா கிள்ளியதைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி என் முழங்காலை இறுக்கிப் பிடித்தாள். திரும்பிப் பார்த்தேன். மண்டோர் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து குமிழைத் திருப்பினார். படம் சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகி மறைந்தது.

"நாடகம் முடிஞ்சிருச்சி. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

அக்கா தரையைப் பார்த்தபடி இருந்தார்.

லயத்துக்குத் திரும்பும் வழியில் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். வெள்ளிக்கிழமை லீவு நாளில் மண்டோர் அலோர் ஸ்டாரில் தொழிற்சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டு, சவரம் செய்து, சென்ட் அடித்து, மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறார். உண்மையில் போவது கோலா கெடாவுக்கு. அங்கே இன்னொரு வீடு இருக்கிறது.

"தோட்டத்துக்கே தெரியும். அக்காவுக்குத்தான் தெரியாது. நீ புதுசு, உங்கிட்ட யார் சொல்லுவா?"

சனிக்கிழமை விடிகாலை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் என் பேர் கடைசியாக வந்தது. மேட்டு நிரை. மழை பெய்து ஊறிய சரிவில் பால் வாளியோடு இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். என் புருஷன் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "போயி மன்னிப்புக் கேளு" என்றார்.

"என்னன்னு கேக்கிறது? நாடகத்தப் பத்தித்தானே பேசுனேன். மன்னிப்புக் கேட்டா அவரப் பத்திப் பேசுனதா ஆயிடும்."

"அவரு நினைச்சா நாம இந்த வீட்டுலயே இருக்க முடியாது, தெரியும்ல?"

அதன் பிறகு நாலு நாள் என் புருஷன் என்னோடு பேசவில்லை. குழாயடியில் பெண்கள் எனக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். புதன்கிழமை அக்கா அங்கே வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"நாளைக்கு வந்திரு. வரலன்னா ஆள் அனுப்புவேன்."

போனேன். முன்னால் என் இடம் காலியாக இருந்தது. பின்னால் பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது. நாடகத்தில் மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் கணவனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.  

"என்ன தங்கச்சி, ஒன்னும் சொல்லமாட்டேங்குற?" என்றார் அக்கா.

"ஒன்னும் தோணலக்கா."

"எனக்குத் தோணுது." அவர் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எதுக்கு இவ கால்ல விழறா? பஸ் ஏறிப் போயி பாத்துட்டு வர வேண்டியதுதானே."

நாற்காலி மறுபடி கிறீச்சிடும் என்று காத்திருந்தேன். அது அசையவே இல்லை.

அப்படியும் மறுநாள் காலை மண்டோர் கிளம்பிப் போனார். மனைவி எங்கே வரப் போகிறாள் என்று நினைத்திருப்பார். மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கியதும் அக்கா சேலை கட்டி என் வாசலில் நின்றார். "நீயும் வா. ஒத்தையா போனா பாதியில திரும்பிருவேன்."

என் புருஷன் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். போகாதே என்று சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அலோர் ஸ்டாரில் பஸ் மாறினோம். எந்த ஊர் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சட்டையில கடல் நாத்தம். சங்கக் கூட்டத்துல ஏது கடலு? அலோர் ஸ்டார் பக்கத்துல கடல்னா கோலா கெடாதான்" என்றார்.  கோலா கெடாவில் ஒரு கோப்பிக் கடையில் மண்டோரின் பேரைச் சொல்லி விசாரித்ததும் காட்டிக்கொடுத்துவிட்டார்கள். மீன் பாசார் தாண்டிப் பலகை வீடு. வாசலில் அந்த மோட்டார் சைக்கிள்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் அக்காவைவிட வயதில் மூத்தவள். இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. "யாரத் தேடுறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

"சங்கக் கூட்டம் இங்கதான் நடக்குதுன்னாங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் அக்கா.

அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த ஈரச் சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கதவருகே வந்த மண்டோர் அப்படியே நின்றுவிட்டார். அடிப்பாரோ என்று பயந்து நான் அக்காவின் கையைப் பிடித்தேன். ஆனால் மண்டோர் வாசல்படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அக்கா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு, "பஸ்ஸு வந்திரும்" என்று என்னை இழுத்துக்கொண்டு நடந்தார்.  

அந்த மாதமே அக்கா இரண்டு பெண்பிள்ளைகளோடு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலை வேலையில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். மண்டோர் என் மேட்டு நிரையை மாற்றவே இல்லை. நல்லா இருந்த குடும்பத்தை வாயால் கெடுத்தவள் என்று லயத்தில் பேசினார்கள். அடுத்த வருஷம் நாங்களும் தோட்டத்தை விட்டு வெளியேறினோம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் காய்கறிப் பாசாரில் அக்காவைப் பார்த்தேன். தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார், கொஞ்சம் சதை போட்டிருந்தார். அத்தனை வருஷம் மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "என்னாலதான் இப்படி ஆச்சுன்னு கோவமாக்கா?"

"எனக்கு அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே தெரியும்லா" என்றார். "எல்லாரும் என்னயப் பாத்து பாவம்னு நினைச்சிக்கிட்டிருக்காங்கன்னுதான் தெரியாது. அன்னைக்கு நீ சென்ட்டப் பத்திச் சொன்னப்போ ஒருத்தரும் சிரிக்கலையே, அப்பதான் தெரிஞ்சது."

பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று சொல்லிக் கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் மீது கோபமா இல்லையா என்பதற்கு அவர் பதில் சொல்லவில்லை என்பது, அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.